தேகப்பயிற்சியில் அளவு கண்ட வரலாறு

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் குமாரர், விவாகம் நிச்சயமானபின் தேகத்தைத் தேற்றிக்கொள்ள விரும்பி ஒரு பயிற்சிச் சாலையிற் சேர்ந்தார். அங்கே அவரைக் கவனிப்பார் ஒருவரும் இலர். அருகில் நின்றவர் தூக்கிய பளுவைத் தாமும் தூக்கத் துணிந்தார். முதல் வாரத்திலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. முகூர்த்தத்தன்று மணையில் அமர்த்தவும் எழுப்பவும் இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. இதனைக் கண்ட பெரியோர், இத்தகைய பயிற்சியே நம் பிள்ளைகளுக்கு வேண்டாவென்றனர். தோழர்களோ, விடாது தூக்கியிருப்பின் வலி தானே அகன்றிருக்கும் என்றனர். இவ்விரு கூற்றும் பிழையென்று காட்டவல்ல சரித்திரம் ஒன்றுண்டு. பெற்றோர் அதனை அறிதல் நலமென்று கருதி இங்கு எழுதத் துணிந்தோம்.

பளுவைச் சிறிது சிறிதாய் ஏற்றவேண்டும் என்னும் கருத்துப் பழமையானது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில், குரோட்டன் நகரத்து மைலோ என்னும் கிரேக்க மல்லர், ஒலிம்பியாவில் ஆறு முறை வாகை சூடினார். அவர் ஓர் இளங்கன்றைத் தினந்தோறும் தோளிற் சுமந்து, அது காளையான பின்னும் சுமந்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை அழகியதே, ஆயினும் ஒரு குறை உண்டு. கன்று நிற்காமல் வளரும்; மனிதன் பலமோ அவ்வாறு நாடோறும் வளர்வதில்லை. அவனால் இன்று எவ்வளவு இயலும் என்று சோதித்தறியும் வழியை அக்கதை கூறவில்லை.

அவ்வழியைச் சோதித்து வகுத்தவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர். இவர் இளமையில் வாதஜுரத்தால் வருந்திப் படுக்கையிற் கிடந்தவர். கடும் உழைப்பு ஆகாதென்று வைத்தியர் விலக்கியும், தாமே பளு தூக்கிப் பயின்று பலசாலியானவர். (அந்நோயுற்றார் எவரும் தம் வைத்தியரைக் கேளாது இதனைப் பின்பற்றலாகாது.)

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அவர் சிகாகோ நகரத்து கார்டினர் ராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றினார். முழங்கால் சிதைந்தும் தொடையெலும்பு முறிந்தும் வந்த போர்வீரர் அங்கே நிறைந்திருந்தனர். மாவுக்கட்டில் நெடுநாள் அசையாதிருந்த காலில் தொடைத்தசை மெலிந்துபோகும். தசை மெலியவே முழங்கால் உறுதியின்றித் தள்ளாடும். அக்காலத்து வழக்கம், மிக லேசான எதிர்ப்பை வைத்துக்கொண்டு எண்ணற்ற தடவை காலை அசைப்பித்தல். நோயாளியும் களைப்பார், தசையோ எளிதில் தேறுவதில்லை. படுக்கைகள் காலியாகாமல் மாதங்கள் கழிந்தன.

டிலோர்ம் அதனை மாற்றினார். நோயாளியை மேசைமேல் கால் தொங்க உட்காரவைத்து, பாதத்தில் இரும்புப் பாதரக்ஷை ஒன்றைக் கட்டி, அதனூடே செருகிய கோலில் பளுத்தட்டுகளை மாட்டினார். நோயாளி, வெட்டி இழுக்காமல், காலை முழுவதும் நீட்டி மீண்டும் நிதானமாய் இறக்கவேண்டும். பளு எவ்வளவு? இங்கேதான் அவருடைய புத்தி நுட்பம் விளங்குகிறது. ஒருவன் சரியாகப் பத்து முறை தூக்கக்கூடியதும், பதினோராவது முறை தூக்கமுடியாததுமான பளுவே அவனுக்குரிய அளவு. பக்கத்துப் படுக்கைக்காரனுடைய அளவு அவனுக்கு அளவாகாது. வாரம் ஒருமுறை இதனை மறுபடியும் சோதித்து, பலம் ஏறியிருந்தாற் பளுவும் ஏற்றப்படும். இம்முறையை அவர் 1945-ஆம் ஆண்டில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்.

ஆயினும் நாம் மிகவும் வியப்பது அதன்பின் நிகழ்ந்ததையே. முதலில் அவர் விதித்தது ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவை தூக்குதல். தாமே கண்ட முறையைத் தாமே குறைத்தெழுத மனம் வருவது அரிது. டிலோர்ம், வாட்கின்ஸ் என்னும் வைத்தியரோடு சேர்ந்து 1948-ல் எழுதியபோது, அத்தனை வேண்டுவதில்லை என்று கண்டு, 30 தடவையாகக் குறைத்துவிட்டார். பத்து முறைக்குரிய பளு 20 ராத்தல் என்று வைத்துக்கொள்வோம். முதற் பத்து 10 ராத்தலில்; அடுத்த பத்து 15 ராத்தலில்; கடைசிப் பத்தே 20 ராத்தலில். முன்னிரண்டும் தசையைப் பதப்படுத்துவன. மூன்றாவதே மெய்யான உழைப்பு. உழைப்பைப் பாதிக்குமேற் குறைத்தும் பயன் குறையவில்லை! இளம்பிள்ளைவாதத்தால் கால் நலிந்தோர்க்கும் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது.

அவர் கூறியன யாவும் நிலைத்துவிட்டன என்று சொல்லோம். 1951-ல் ஸினோவியெஃப் என்னும் ஆக்ஸ்போர்டு வைத்தியர், களைப்பைக் கருதி, கனத்த பளுவை முதலில் தூக்கிப் பின்னர்க் குறைத்துவரும்படி வரிசையைத் தலைகீழாக்கினார். லேசான பளுவாயினும் தசை களைத்து ஓயும் எல்லைவரை தூக்கினால் தசை பருக்கும் என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் விளங்கியது. வலிமையை வளர்ப்பதிற் கனமே மேம்பட்டது. ஆனால் ஆளுக்கேற்ற அளவு, படிப்படியான ஏற்றம், பிசகாத அசைவு என்னும் அடிப்படையை எவரும் தள்ளவில்லை.

அளவைச் சோதிக்கவும் அசைவின் பிசகைத் திருத்தவும் பக்கத்தில் ஒரு கண் வேண்டும். அத்தகைய ஆசிரியர்களைப் பழக்குவதற்கென்றே, சென்னையில் 1920-ஆம் ஆண்டிலேயே ஒய்.எம்.ஸி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அஃதிருக்க, நம் வீட்டுப் பிள்ளையைப் பயிற்சிச் சாலைக்கு அனுப்பும் நாம், மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோம். கற்பிப்பவர் யாரென்று கேட்பதில்லை.

மேற்சொன்ன மாப்பிள்ளை, வலி தீர்ந்து, வைத்தியரின் சம்மதமும் பெற்று, இப்பொழுது வேறோர் ஆசிரியரிடம் பயில்கிறார். அவ்வாசிரியர் முதல் இரண்டு வாரமும் இவர் கையிற் கொடுத்தது வெறும் மரக்கோல். குனியும்போது முதுகு வளைகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். மூன்றாம் வாரத்தில்தான் இரும்பு வந்தது.