கருஞ்சேறும் காந்தமும்: பிரிட்டிஷ் வீடுகளில் ஒரு வடிகட்டியின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனின் பெரும்பாலான வீடுகள் குளிர்காலத்தை நிலக்கரிக் கணப்பைக் கொண்டே கழித்தன. 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டதைத் தொடர்ந்து 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டதும், 1965இல் வடகடலில் கண்டறியப்பட்ட இயற்கை எரிவாயு 1967 முதல் படிப்படியாக வீடுகளுக்கு வந்துசேர்ந்ததும் கணப்பின் காலத்தை முடித்துவைத்தன. அதன் இடத்தைப் பிடித்த மைய வெப்பமூட்டலில், ஒரே கொதிகலனில் சூடாகும் நீரைப் பம்பு அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு, அதாவது வெப்பத்தைப் பரப்பும் உலோகப் பலகைகளுக்கு, செலுத்த, ஆறிய நீர் மீண்டும் கொதிகலனையே வந்தடைகிறது.

கனத்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களும் அகன்ற குழாய்களும் வழக்கொழிந்து, மெல்லிய எஃகுத் தகட்டு ரேடியேட்டர்களும் குறுகிய செப்புக் குழாய்களும் பரவியபோது புதிய சிக்கல் ஒன்று தலைதூக்கியது. மூடிய அமைப்பின் நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், அங்கே எஃகு அரிக்கும்போது செந்துருவைவிட மேக்னடைட் என்னும், காந்தத்தால் ஈர்க்கப்படும் கரிய இரும்பு ஆக்சைடே மிகுதியாக உருவாகிறது. இதன் நுண்துகள்கள் சேறாகப் படிந்து ரேடியேட்டரின் அடிப்பகுதியைக் குளிரவைக்க, அரிப்பின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் மேற்பகுதியில் தேங்கி அதையும் குளிரவைக்கிறது.

ஆற்றல் சிக்கனத்துக்காக எடுக்கப்பட்ட முயற்சிகள் சில இந்தச் சேற்றின் தீங்கைப் பெருக்கின. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் ஒடுக்கக் கொதிகலன்கள் 2005 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சில விலக்குகளோடு, கட்டாயமாயின. அவற்றின் வெப்பமாற்றியில் நீர் செல்லும் வழிகள் குறுகலானவை என்பதால் எளிதில் அடைபட்டன. மின்சாரத்தைச் சேமிக்கும் புதுவகைப் பம்புகளோ தமக்குள்ளேயே நிலைக்காந்தம் கொண்டிருப்பதால் அத்துகள்களைத் தாமே ஈர்த்தன. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், சிறிய உருவில் பெரும் ஈர்ப்பாற்றல் கொண்டிருந்தமையால், இச்சிக்கலுக்குத் தீர்வு காட்டியது. 2003இல் ஏடி நிறுவனம் அறிமுகப்படுத்திய மேக்னாகிளீன் போன்ற, அக்காந்தத்தால் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டிகள் பிரிட்டிஷ் வீடுகளில் பரவலாயின. வெப்பமூட்டல் அமைப்பின் நீர்ப் பராமரிப்புக்கான பி.எஸ். 7593 என்னும் பிரிட்டிஷ் தரநெறியின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, குழாய்வழியில் நிலையான வடிகட்டி பொருத்துவதை நெறியாகவே வகுத்தது.

வடிகட்டியைத் தேர்வதில் குழாயின் விட்டமும் (வீடுகளில் பெரும்பாலும் 22 அல்லது 28 மில்லிமீட்டர்), நீரோட்டத்தின் அளவும், உறையைக் கழற்றிக் கழுவுவதற்கான இடவசதியும் முதலில் கருதத்தக்கவை. காந்தத்துக்கு வசப்படாத சுண்ணாம்புத் துணுக்குகளையும் பிடிக்கும் வகைகள் பழைய அமைப்புகளுக்கு ஏற்றவை. கடைசி ரேடியேட்டருக்கும் கொதிகலனுக்கும் இடைப்பட்ட திரும்புகுழாயில், இருபுறமும் அடைப்பு வால்வுகளோடு வடிகட்டியைப் பொருத்தினால், ரேடியேட்டர்களிலிருந்து வரும் சேறு வெப்பமாற்றியை அடையுமுன்னே பிடிபடுகிறது. பொருத்துவதற்கு முன் அமைப்பு முழுவதையும் அலசித் தூய்மை செய்வதும், பின்னர் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளைக் கலப்பதும் இன்றியமையாதவை. காந்தம் துருவைப் பிடிக்குமேயன்றித் துருப்பிடிப்பதைத் தடுக்காது. ஆகவே ஆண்டுதோறும் வடிகட்டியைக் கழுவி, நீரின் தன்மையைச் சோதித்துவரும் வீட்டில்தான் அது தன் பயனை முழுமையாகத் தரும்.