படிவமும் கடிதமும்: ஓர் இடைமுகத்தின் வரலாறு

பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துச் செருகுவோமே, அந்தப் பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு என்று ஊர்ப் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். பேச்சு வழக்கில் பூளை பீளையாகி, பலகைகளிலும் அப்படியே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் 1951-இல் இங்கே தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் தமிழ்ப் பெயரில் 'பூ.சா.கோ.' என்ற முதலெழுத்துகள் மாறவில்லை. ஒரு பெயரை நம்பிப் பத்திரமும் சான்றிதழும் எழுதிவிட்ட பிறகு, ஊர் மாறினாலும் பெயர் மாறுவதில்லை.

கணினியின் உள்ளேயும் இப்படி மாறாமல் நிற்கும் பெயர்கள் உண்டு. அவற்றை இடைமுகங்கள் என்கிறோம். இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று அறியாமலே பேசிக்கொள்ள ஒத்துக்கொண்ட மொழி என்று சொல்லலாம். அத்தகைய ஒரு மொழியின் வரலாற்றைத் தேடிப் போகும்படி நேர்ந்தது இதே பீளமேட்டில், 2004 வாக்கில்.

அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு சிறிய அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே இரண்டு இணைய இணைப்புகள் இருந்தன. ஒன்று வேகமானது, மற்றொன்று மெதுவானது. கணக்குப் பிரிவின் இயந்திரங்கள் மட்டும் எப்போதும் மெதுவான இணைப்பிலேயே போவதாகப் புகார் வந்தது. லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்து, பாடத்தில் படித்தபடி 'ரூட்' என்ற கட்டளையைத் தட்டினேன். வழிகளின் அட்டவணை வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அதாவது, எல்லாரும் வேகமான இணைப்பில்தான் போக வேண்டும். நள்ளிரவு வரை கம்பிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை, அந்தக் கணினியை முதலில் அமைத்துக் கொடுத்த பெரியவர் வந்தார். அவர் திரையை ஒரு முறைதான் பார்த்தார்.

"அதுல பாத்தா தெரியாதுங்க தம்பி. 'ஐபி ரூல்'னு போட்டுப் பாருங்க."

போட்டேன். நான் முன்பு கண்டிராத விதிகளும், இரண்டாவதாக ஓர் அட்டவணையும் அங்கே இருந்தன. பழைய கட்டளை பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த மொழியில் அவற்றைச் சொல்லச் சொல் இல்லை.

*

தோட்டத்தில் கிணற்று நீர் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீருக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாது. திறந்திருக்கும் மடை வழியே அது போகும். எந்தப் பாத்திக்கு எப்போது என்று முடிவு செய்பவர் மம்பட்டியோடு வரப்பில் நிற்கிறார். கணினியிலும் இவ்விரு வேலைகளும் தனித்தனியே நடக்கின்றன. வந்து சேரும் தகவல் பொதிகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவது இயங்குதளத்தின் கரு, அதாவது கெர்னல். எந்த முகவரிக்கு எந்த வழி என்று முடிவு செய்வது வெளியே இருக்கும் நிரல் அல்லது மனிதர். முடிவு செய்பவர் மடையைத் திறக்கச் சொல்லும் மொழி எது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

இன்றைய இணையத்தின் டி.சி.பி./ஐ.பி. விதிமுறைகளுக்கு ஆர்ப்பாநெட் மாறியது 1983 ஜனவரி 1 அன்று. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ், அந்த விதிமுறைகளைப் பல்கலைக்கழகங்களெங்கும் கொண்டு சென்றது. அதில் வழியொன்றைச் சேர்க்க 'ஐ.ஓ.சி.டி.எல்.' என்ற அழைப்பு பயன்பட்டது. 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த பழைய ஏற்பாடு அது. முனையங்கள் போன்ற சாதனங்களுக்குக் கட்டளையிடப் பிறந்தது. வலைப்பின்னலுக்கும் அதையே நீட்டித்துக்கொண்டார்கள்.

தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் அச்சிட்ட படிவத்தைப் போன்றது இது. சேருமிடம் ஒரு கட்டம், அடுத்த வாசல் ஒரு கட்டம், சில குறிகள் ஒரு கட்டம். கட்டங்களை நிரப்பி நீட்டினால் கெர்னல் 'ஆகட்டும்' அல்லது 'முடியாது' என்று சொல்லும். அச்சிடாத கட்டத்தில் எதையும் எழுத முடியாது. கெர்னல் தானாக வாய் திறந்து எதையும் தெரிவிக்கவும் முடியாது. இருக்கும் வழிகளைப் பட்டியலிட வேண்டிய 'நெட்ஸ்டாட்' என்ற நிரல், கேட்டுப் பெற வழியில்லாமல் கெர்னலின் நினைவகத்துக்குள்ளேயே நேராகப் புகுந்து துழாவிப் படித்தது. தாசில்தாரிடம் கேட்க முடியாததால் ஆவண அறைக்குள் ஏறிக் குதித்ததற்கு ஒப்பு.

சிறிய வலைப்பின்னலுக்கு இது போதுமாயிருந்தது. எண்பதுகளில் வலைப்பின்னல்கள் பெருகி, வழிகள் மணிக்கு மணி மாறத் தொடங்கியபோது போதவில்லை. 1990-இல் வந்த 4.3 பி.எஸ்.டி. ரீனோ பதிப்பில் 'ரூட்டிங் சாக்கெட்' என்ற புதிய ஏற்பாடு இடம்பெற்றது. முதன்முறையாகக் கெர்னலும் வெளி நிரல்களும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டன. ஒரு நிரல் ஒரு வழியை மாற்றினால், அந்தச் சாக்கெட்டைத் திறந்து வைத்திருக்கும் மற்ற நிரல்களுக்கும் சேதி போனது. கெர்னலும் தானாகச் சேதி அனுப்ப முடிந்தது.

*

1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பெர்க்லியின் நிரலை எடுத்துக்கொள்ளாமல் தன் வலைப்பின்னல் பகுதியைத் தானே எழுதிக்கொண்டது. ராஸ் பைரோ தொடங்கினார். ஃப்ரெட் வான் கெம்ப்பன் தொடர்ந்தார். பிறகு வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியிலிருந்து ஆலன் காக்ஸ் பொறுப்பேற்றார். படிவ முறை பெர்க்லியிடமிருந்து அப்படியே வந்தது. 'நெட்லிங்க்' என்ற பெயரில் கெர்னலுக்கும் வெளிக்கும் இடையே ஒரு சிறிய செய்தித் தடமும் உருவாயிற்று. 1996-இன் 2.0 பதிப்பில் அது ஒரு சாதனக் கோப்பாக, எளிய குழாயாக மட்டுமே இருந்தது.

அந்தக் குழாயை ஒரு மொழியாக்கியவர் அலெக்ஸி குஸ்னெத்சோவ். மாஸ்கோவின் அணுக்கரு ஆய்வு நிறுவனத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தவர். 1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2 பதிப்பில் நெட்லிங்க் ஒரு முழுமையான சாக்கெட்டாக வந்தது. அதன்மேல் வழிகள், முகவரிகள், இணைப்புகள், அண்டை இயந்திரங்கள் ஆகிய அனைத்தையும் ஆளும் 'ஆர்.டி.நெட்லிங்க்' எழுந்தது. மூல நிரலின் முகப்பில் காக்ஸ், குஸ்னெத்சோவ் இருவர் பெயரும் இருக்கின்றன.

இதைக் கடிதம் என்று சொல்லத் தோன்றுகிறது. உறையின்மேல் 16 பைட்டுகள்: நீளம், வகை, சில குறிகள், வரிசை எண், அனுப்பியவர் யார் என்ற எண். உள்ளே சிறிய தலைப்பு ஒன்று. அதன்பின் பண்புகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் தன் நீளத்தையும் பெயரையும் தானே சொல்லிக்கொண்டு வரும். புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் புதிய படிவம் அச்சிட வேண்டியதில்லை. இன்னொரு பத்தி எழுதினால் போதும். ஒரு சான்று காட்டலாம். அட்டவணையின் எண்ணுக்குக் குஸ்னெத்சோவ் தலைப்பில் 8 பிட்டுகளே ஒதுக்கியிருந்தார். 255-க்கு மேல் போக முடியாது. 2006-இல் அது போதாமல் போனபோது 32 பிட் எண்ணைத் தாங்கும் புதிய பண்பு ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய கடிதங்களும் தொடர்ந்து செல்லுபடியாயின.

பல அட்டவணைகள் என்பதே அன்று புதிய எண்ணம். சேருமிடத்தை மட்டும் பார்த்து வழி சொல்லாமல், 'எங்கிருந்து வருகிறாய்?' என்றும் கேட்டு, அதற்கேற்ற அட்டவணையைப் புரட்டச் சொல்லும் விதிகளைக் குஸ்னெத்சோவ் கெர்னலில் வைத்தார். அவற்றை ஆள 'ஐபிரூட்2' என்ற கருவித் தொகுப்பையும் எழுதினார். என் அலுவலகத்துப் பெரியவர் தட்டச் சொன்ன 'ஐபி' அதில் ஒன்று. நான் நம்பியிருந்த 'ரூட்' கட்டளையோ, கெர்னல் எழுதி வைக்கும் ஓர் உரைப்பட்டியலைப் படித்துக் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் முதன்மை அட்டவணை மட்டுமே உண்டு. கணக்குப் பிரிவின் பொதிகள் வேறோர் ஏட்டின்படி போய்க்கொண்டிருந்தன.

2003 ஜூலையில் ஜமால் ஹாதி சலீம், ஹொர்மூஸ்த் கோஸ்ராவி, ஆண்டி க்ளீன், குஸ்னெத்சோவ் ஆகிய நால்வர் பெயரில் ஆர்.எஃப்.சி. 3549 என்ற ஆவணம் வந்தது. முடிவு செய்யும் தளம் வேறு, பொதி கடத்தும் தளம் வேறு என்று பிரித்து, இரண்டுக்கும் நடுவிலான மொழியாக நெட்லிங்கை அது விளக்கியது. அதற்கு முன்பே ஜப்பானின் குனிஹிரோ இஷிகுரோ 1996-இல் தொடங்கிய 'ஸீப்ரா'வும், பின்னர் அதன் வழிவந்த 'க்வாகா'வும், 2017 முதல் 'எஃப்.ஆர்.ரூட்டிங்'கும் சாதாரணக் கணினியை ரூட்டராக்கின. லினக்ஸில் அவை கெர்னலோடு பேசும் மொழி நெட்லிங்க்.

*

கடிதத்துக்கென்று சில குறைகளும் உண்டு. சில கடிதங்கள் போய்ச் சேர்வதில்லை. வழிகள் மிக விரைவாக மாறும்போது கேட்பவரின் பெட்டி நிறைந்து, மீதிச் செய்திகள் கீழே விழுகின்றன. ஆனால் 'சில செய்திகளைத் தவறவிட்டாய்' என்ற பிழையைக் கெர்னல் மறைக்காமல் தெரிவிக்கிறது. உடனே கேட்பவர் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த குறை ஆழமானது. தனக்குப் புரியாத பண்பு வந்தால் பழைய கெர்னல் பேசாமல் தாண்டிப் போய்விடும். எழுதியவருக்கு 'ஆகட்டும்' என்ற பதில் வரும். சொன்னதில் பாதி நடந்திருக்காது. எதிர்காலத்தவருக்கு இடம் விட்ட அதே பெருந்தன்மை, நிகழ்காலத்தில் ஒரு மௌனப் பிழையாக மாறியது. 2018, 2019 ஆண்டுகளின் கெர்னல் பதிப்புகளில்தான், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் கண்டிப்பான சோதனைகள் வந்தன. அவையும் புதிய பேச்சுகளுக்கே. பழைய நிரல்களிடம் திடீரெனக் கண்டிப்புக் காட்டினால் ஓடிக்கொண்டிருப்பவை நின்றுவிடும்.

படிவம் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. லினக்ஸில் அந்தப் பழைய அழைப்பு இன்னும் வேலை செய்கிறது. 2.2 பதிப்பிலேயே குஸ்னெத்சோவ் ஒரு காரியம் செய்திருந்தார். யாராவது படிவத்தை நீட்டினால், கெர்னலின் உள்ளேயே ஒரு சிறு செயற்கூறு அதைப் படித்து, நெட்லிங்க் வடிவத்துக்கு மாற்றி, உரிய இடத்தில் சேர்த்தது. எழுதத் தெரியாதவருக்குத் தபால் நிலைய வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் போல.

இன்று இந்த மொழியை அறியாதவரும் அதன் பயனில் வாழ்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசி லினக்ஸ் கெர்னலின் மேல் இயங்குவது. 2014-இன் லாலிபாப் பதிப்பு முதல் வைஃபைக்கு ஓர் அட்டவணை, சிம் அட்டையின் இணைப்புக்கு ஓர் அட்டவணை என்று வைத்துக்கொண்டு, எந்தச் செயலி எதைப் புரட்டுவது என்பதை விதிகளால் முடிவு செய்கிறது. பீளமேட்டு அலுவலகத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த அதே ஏற்பாடு. 2023-இல் வேறொன்றும் நடந்தது. பெர்க்லியின் நேர் வாரிசான ஃப்ரீ பி.எஸ்.டி.யும் தன் 13.2 பதிப்பில், ரூட்டிங் சாக்கெட்டை விலக்காமல், நெட்லிங்கையும் சேர்த்துக்கொண்டது. பெர்க்லியிடம் படிவம் வாங்கிய வீட்டிலிருந்து, நாற்பது ஆண்டுகள் கழித்து, பெர்க்லியின் வீட்டுக்கே கடிதம் திரும்பிப் போயிற்று.

இந்த வரலாற்றில் போர்களோ அரசர்களோ இல்லை. ஒரு மொழியில் எதைச் சொல்ல முடியாமல் போனது, அதற்காக யார் புதிய சொல் சேர்த்தார்கள் என்பதே இதன் நிகழ்ச்சிகள். மொழியின்மேல் அக்கறை உள்ளவர்கள் இதை அன்னியமாக உணர மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கு அது கற்றுத் தந்தது ஒன்றுதான்: ஓர் அட்டவணை குறையின்றித் தோன்றும்போது, அதைக் காட்டும் கருவிக்கு எத்தனை சொல் தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் அன்று தேநீர்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதி வைத்த விதிகள், நான் அந்த வேலையை விடும் வரை, அப்படியேதான் இருந்தன.