சிப் சாகலீங்க, வோல்ட்டுதான் பத்தலை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. பொட்டி தட்டுறவன் வரலாறு எழுதினா இப்படித்தான் இருக்கும்.

ஊரப்பாக்கத்துல எங்க தெருப் பையன் ஒருத்தன் பழைய ஜேடிஎம் புரோகிராமரைத் தூக்கிட்டு வந்தான். அதுல ஒரு பிக்16எஃப்84. "அண்ணா, யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டு லேப்டாப்ல மாட்டினா சிப்பையே காட்டலை. பாட் ரேட் எல்லாம் மாத்திப் பார்த்துட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட் போய் வேற சிப் வாங்கிடவா?" ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடி அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

டெலிடைப்பையும் மோடத்தையும் இணைக்க 1960ல அமெரிக்காவுல வகுத்த தரம் ஆர்எஸ்-232. 1969ல வந்த 'சி' பதிப்புதான் பரவலா நிலைச்சது. இதுல 1ன்னா மைனஸ் வோல்ட், 0ன்னா பிளஸ் (ஆமா, தலைகீழ்தான்!). அனுப்புற பக்கம் 5லேர்ந்து 15 வோல்ட் வரை எது வேணா தரலாம். வாங்குற பக்கத்துக்கு 3 தாண்டினாலே போதும். இந்தத் தாராளம்தான் பின்னாடி வினையாச்சு.

பழைய டெஸ்க்டாப்ல பிளஸ் 12, மைனஸ் 12 ரெண்டுமே இருந்ததால சீரியல் போர்ட்டும் கிட்டத்தட்ட அதையே கொடுத்தது. 1993ல மைக்ரோசிப் கம்பெனி பிக்16சி84ஐ இறக்கினாங்க. புற ஊதா விளக்குல காட்டாமலே அழிச்சு அழிச்சு எழுதலாம். இதோட தம்பிதான் 16எஃப்84. எழுதறதுக்கு 12லேர்ந்து 14 வோல்ட் வேணும். ஜேடிஎம் போர்டுல தனி பவர் சப்ளையே கிடையாது. போர்ட்டோட கிரவுண்டுக்கு மேல சுமார் 8, கீழ சுமார் 5 எடுத்து, 13ஐத் தேத்திடும். என்னா மூளை!

இதுக்குள்ள 1987லயே மேக்ஸ்232 வந்து, ஒத்தை 5 வோல்ட்டுலேர்ந்தே பிளஸ், மைனஸ் ரெண்டையும் தயாரிக்கலாம்னு காட்டிடுச்சு. பிறகு வந்த லேப்டாப்புகள்ல பல 5, 6 வோல்ட்டோட நிறுத்திக்கிச்சு. தரப்படி குத்தமே இல்ல. ஆனா ஜேடிஎம் பட்டினி.

யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல இன்னொரு தொல்லையும் உண்டு. ஜேடிஎம் எழுத்து எழுத்தா அனுப்பாது. டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளை நேரடியா ஏத்தி இறக்கும். அதனால பாட் ரேட்டுக்கே அங்க வேலையில்ல. யூஎஸ்பி வழியா ஒவ்வொரு ஏத்த இறக்கமும் மில்லிசெகண்ட் கணக்குல இழுத்தடிக்கும்.

பரண்ல பழைய டெஸ்க்டாப் இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி பின்னாடி 9 ஊசி போர்ட் இருக்கான்னு பாருங்க. 3வது ஊசிக்கும் 5வதுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா, சும்மா இருக்கறப்போ மைனஸ் 10க்கு அந்தப் பக்கம் காட்டணும்.