அத்தா கண்ட போர்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இருந்தனர். 1945இல் அத்தொகை சுமார் 25 இலட்சமாக உயர்ந்திருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்தோர் பலர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

பர்மா எல்லையில் அவர் இராணுவ லாரி ஓட்டினார். 1944 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் இம்பாலை நோக்கி முன்னேறி, திமாப்பூரிலிருந்து வரும் சாலையைத் துண்டித்தன. ஜூன் 22இல் அச்சாலை மீண்டும் திறக்கும் வரை இம்பாலுக்குத் தேவையான பொருள்கள் விமானத்தில் வந்தன. பின்னர், கொட்டும் மழையில் படைகள் டிட்டிம் சாலை வழியே தெற்கே நகர்ந்தன. அவ்வேளையில், ஆகஸ்டு பிற்பகுதியில், ரமளான் பிறந்தது. பயணத்தில் இருப்போர் நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் சலுகை தந்துள்ளது. விடுபட்ட நோன்புகளை அத்தா எண்ணிவைத்து, ஊர் திரும்பியபின் ஒன்று விடாமல் களாச் செய்தார். போரைப் பற்றி எங்களிடம் அவர் அதிகம் பேசியது இந்தக் கணக்கைத்தான்.

என் தாய்மாமாவோ மலாயாவில் பிழைப்புத் தேடிச் சென்றவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்றார். மைத்துனர் இருவரும் ஒரே போரில் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர் மீதான விசாரணை தொடங்கியதும், நாடே ஐ.என்.ஏ. வீரர்களின் பக்கம் நின்றது. அத்தாவின் பதக்கம் பெட்டிக்குள் போயிற்று. "வெள்ளைக்காரன் சோற்றைத் தின்றவர்" என்ற ஏச்சையும் அவர் கேட்டார், பதில் சொன்னதில்லை. 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, மாமாவுக்கான மனுவை எழுதிக் கொடுத்தவர் அத்தாவே. வெள்ளிதோறும் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதனர்.

இம்பாலுக்கு வடக்கே 1944 ஏப்ரல் 6இல் வீரமரணம் அடைந்து விக்டோரியா சிலுவை பெற்ற ஜமேதார் அப்துல் ஹஃபீஸின் பெயரைக்கூட நம் பிள்ளைகளுள் பலர் அறியார். பெயர் பதியாமல் மறைந்தோரோ எண்ணற்றோர். மாமாவின் தியாகம் போற்றத்தக்கது. அதற்காக அத்தா பட்ட பாட்டை மறைக்க வேண்டியதில்லை. எவர் எந்த நிய்யத்தோடு சென்றார் என்பதை அல்லாஹ்வே அறிவான். உங்கள் வீட்டிலும் அத்தகைய பெரியவர்களின் பழைய கடிதமோ படைச் சான்றிதழோ இருக்கலாம். அவர்களை அறிந்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அவ்விருவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.