கோல் ஏந்திய கள்வர்

முறை தவறிக் குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வழிப்பறிக் கள்வனோடு ஒப்பிட்டார் வள்ளுவர். கொடுங்கோன்மை அதிகாரத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் அவ்வுவமையின் அருமையை எடுத்துரைக்காமல் விடார். அங்கே அரசன் கள்வன் ஆகிறான். இக்காலத்திலோ கள்வன் அரசனாக வேடம் பூணுகிறான். கணினியிலும் கைப்பேசியிலும் இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியைப் பூட்டி, காவல்துறையின் சின்னத்தைக் காட்டி, அபராதம் கேட்கும் வஞ்சகம் அத்தகையது. அதன் வரலாற்றை அறிவதே அதனை வெல்லும் வழியும் ஆதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அதிகாரியாக நடித்தல் புதிய குற்றமன்று. 1860-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அரசு ஊழியராக நடிப்பதையும், 171-ஆம் பிரிவு அவர்தம் உடையையோ சின்னத்தையோ ஏமாற்றும் நோக்கோடு அணிவதையும் குற்றமாக்கின. அச்சட்டத்தைத் தழுவி 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்தது. 170 என்னும் எண் இன்றும் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மாறாது நிற்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் அக்குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204, 205-ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும்.

அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் போலி அதிகாரி வீட்டு வாயிலுக்கு நேரில் வரவேண்டும். அவன் முகத்தைப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம், ஐயம் தோன்றினால் அண்டை வீட்டாரை அழைக்கலாம். இணையம் இம்மூன்றையும் நீக்கிவிட்டது. வேடம் மட்டும் எஞ்சியது.

கணினியைப் பணயமாக்கிப் பொருள் கேட்கும் தொழில் 1989-இல் தொடங்கிற்று எனலாம். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியோரின் கணினிகள் பின்னர் முடங்கின. பனாமாவிலுள்ள ஓர் அஞ்சற்பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு திரை கேட்டது. அன்று அணிந்த முகமூடி வாணிகம். உரிமக் கட்டணம் என்று அதற்குப் பெயர்.

காவல்துறை முகமூடி ஐரோப்பாவில் 2011-ஆம் ஆண்டளவில் பரவிற்று. ஜெர்மனியில் கூட்டாட்சிக் குற்றவியல் காவல்துறையின் பெயராலும், ஸ்பெயினில் அந்நாட்டுக் காவல்துறையின் பெயராலும் 100 யூரோ அபராதம் கேட்கப்பட்டது. பயனர் எந்நாட்டில் உள்ளார் என்பதை அவரது இணைய முகவரியைக் கொண்டு கண்டறிந்து அந்நாட்டுச் சின்னத்தையே காட்டியதுதான் இதன் சூழ்ச்சி. 'ரெவெட்டன்' என்னும் இவ்வகைத் தீநிரலைப் பற்றி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 2012 ஆகஸ்டில் எச்சரித்தது. இதனை நடத்திய கூட்டம் ஒன்றைச் சேர்ந்த 11 பேர் கைதான செய்தியை 2013 பிப்ரவரியில் ஸ்பெயின் காவல்துறையும் யூரோப்போலும் வெளியிட்டன.

இவை கணினிக்குள் புகுந்து குடிகொண்ட மெய்யான தீநிரல்கள். 2013 முதல் இவற்றினும் எளிய ஒன்று பரவியது. அது கணினிக்குள் புகுவதேயில்லை. ஓர் இணையப் பக்கம் முழுத்திரையாக விரிந்து, மூட முயலுந்தோறும் 'வெளியேற வேண்டுமா?' என்று ஓயாமல் கேட்டுத் தடுக்கும், அவ்வளவே. கோப்பு ஒன்றும் கெடுவதில்லை. சுவரில் வரைந்த பூட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சிங்கப்பூரிலும் இது வந்தது. காவல்துறையின் இணையத்தளத்தைப் போலவே அமைந்த போலிப் பக்கங்கள் திரையில் தோன்றிக் கடன் அட்டை விவரங்களைக் கேட்பதாகக் காவல்துறையே பொதுமக்களை எச்சரித்தது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் எல்லாவகை மோசடிகளாலும் இந்நாட்டார் இழந்த தொகை 110 கோடி வெள்ளியாகும். அவற்றுள் அரசாங்க அதிகாரியாக நடித்துச் செய்தவை 1,504.

தீவின் வடபால் உள்ள கிராஞ்சியை எண்ணிப் பார்ப்போம். போர் நினைவிடத்தால் பெயர்பெற்ற அவ்வட்டாரத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அவர்களுள் பலர். ஊருக்குப் பணம் அனுப்புவதும், வீட்டாரின் முகம் காண்பதும், திரைப்படம் பார்ப்பதும் எல்லாம் ஒரே கைப்பேசியில். அதன் திரையில் ஓர் இரவு, 'ஆபாசப் படம் பார்த்தீர். ஆறு மணி நேரத்தில் அபராதம் கட்டாவிடில் வழக்கு' என்று காவல் சின்னத்தோடு தோன்றினால், வேலை அனுமதிச் சீட்டு பறிபோகுமோ என்ற அச்சம் முதலில் எழும். அறை நண்பரிடம் சொல்ல நாணம் தடுக்கும். கள்வன் நம்பியிருப்பது இவ்விரண்டையுமே. உண்மையான பூட்டு உலாவியில் இல்லை. இவ்வச்சத்திலும் நாணத்திலுமே உள்ளது.

இதனை அறிந்துகொள்வது எளிது. எந்த நாட்டுக் காவல்துறையும் உலாவியைப் பூட்டி, மணிக்கணக்கில் கெடு வைத்து அபராதம் வாங்குவதில்லை. திரையில் தெரியும் முகவரியையும் நம்ப வேண்டா. முழுத்திரையில் முகவரிப் பட்டியையே படமாகத் தீட்டிவிடுவர்.

அகற்றுவதும் எளிதே. முதலில் எஸ்கேப் விசையையோ எஃப் 11 விசையையோ அழுத்தி முழுத்திரையை விலக்கலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் பணி மேலாளர் தோன்றும். அதில் உலாவியைத் தேர்ந்து முடித்துவிடலாம். கைப்பேசியில் அண்மைச் செயலிகளின் வரிசைக்குச் சென்று உலாவியைத் தள்ளி மூடுக. மீண்டும் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுக. பின்னர் உலாவியின் வரலாற்றையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்துவிடுக. கணினியை நிறுத்தித் தொடங்கிய பின்னும், உலாவியைத் திறக்காமலே அத்திரை தோன்றினால், அது உள்ளே புகுந்த தீநிரல். பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் நீக்க வேண்டும். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டவர் உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்கிக் காவல்துறையிலும் புகார் செய்க. ஐயம் தீர்க்கச் சிங்கப்பூரில் 1799 என்னும் உதவி எண் 2024 முதல் உண்டு. இந்தியாவில் இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930.

இவ்வளவு எளிதாயின் இதனைப் பெரிதாக எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். 100 பவுன் கேட்ட இத்தகைய போலிக் காவல் மிரட்டலை மெய்யென நம்பிய 17 வயது மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி 2015-இல் பிரிட்டனில் வெளியாயிற்று. விசைகளின் பெயர் அவனுக்குத் தெரியாமலிருந்திருக்காது. அஞ்சாமல் சென்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

மலாய் மக்கள் காவலரைக் கண்கள் என்னும் பொருள்பட 'மாத்தா மாத்தா' என்பர். திரையில் தோன்றும் போலிக் கண்ணைக் கண்டு மாணவனோ தொழிலாளியோ தனியே நடுங்காதிருக்க, 'எதுவானாலும் என்னிடம் வந்து சொல். நான் ஏசமாட்டேன்' என்று ஆசிரியர் ஒரு சொல் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். கொடுங்கோன்மைப் பாடம் நடத்தும் நாளே அதற்கு ஏற்ற நாள்.