பக்கவிளைவைப் புட்டியில் அடைத்த கதை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1911இல் கட்டி முடித்த ஒரு மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதன் கடிகாரத்தில் மணியைக் காட்டும் எண்கள் எடுப்பாகத் தெரியாது. அவற்றைவிட எடுப்பாகப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிப் படித்தால் 'ப்ரோமோ செல்ட்ஸர்' என்று வரும். கட்டிய காலத்தில் கூண்டின் உச்சியில் 51 அடி உயர நீலப் புட்டி ஒன்று விளக்கொளியில் சுழன்றுகொண்டிருந்தது. 1936இல்தான் அதைக் கீழே இறக்கினார்கள். ஐசக் எமர்சன் என்ற மருந்து வியாபாரி, தலைவலிக்கான ஒரு பொடியை விற்றுச் சேர்த்த செல்வத்தின் அடையாளம் அது. தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடி. யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கலாம்.

வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து இரவில் விழுங்கும் மாத்திரைகளை அமெரிக்காவில் 'பிஎம்' என்ற பெயரில் விற்கிறார்கள். அந்தப் பொடிக்குள் இருந்த இரண்டு சரக்குகளில்தான் அவற்றின் வரலாறு தொடங்குகிறது.

முதலாவது அசிட்டனிலைடு. 1886இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆர்னால்ட் கான், பால் ஹெப் என்ற இரு மருத்துவர்கள் குடற்புழு நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் புட்டி மாறிப்போய் வேறு ஏதோ வந்துவிட்டது. புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. மாறி வந்த சரக்குதான் அசிட்டனிலைடு. வலியையும் அது தணித்தது. இரண்டாவது சரக்கு புரோமைடு உப்பு. 1857இல் சார்லஸ் லோகாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் வலிப்பு நோய்க்கு அது உதவுவதாகச் சொன்னார். வலிப்பு அடங்கியவர்களுக்கு மந்தமும் தூக்கமும் வந்தன. மந்தத்தையே பலனாக்கி, நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கமின்மைக்கும் அதை விற்கத் தொடங்கினார்கள். வலிக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று. இந்த ஜோடியின் ஆட்கள் பிறகு மாறினார்களே தவிர, ஜோடி கலையவில்லை.

வலியின் பக்கம் நடந்த மாற்றம் நல்ல மாற்றம். அசிட்டனிலைடு ரத்தத்தைக் கெடுத்தது. உதடும் நகமும் நீலம் பாரித்தன. 1948இல் நியூயார்க்கில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அந்த மருந்து உடம்புக்குள் என்ன ஆகிறது என்று துருவிப் பார்த்தார்கள். உடம்பு அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது, வலியைத் தணிப்பது அந்த இன்னொரு பொருள்தான் என்று தெரிந்தது. நாம் பாராசிட்டமால் என்றும் அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்றும் சொல்வது அதைத்தான். 1955இல் மெக்நீல் நிறுவனம் அதைக் குழந்தைகளுக்கான திரவ மருந்தாக, டைலனால் என்ற பெயரில் கொண்டுவந்தது.

தூக்கத்தின் பக்கம் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை.

புரோமைடு உடம்பை விட்டு எளிதில் போகாது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் ஆகும். தினமும் சாப்பிட்டவர்களுக்கு அது சேர்ந்துகொண்டே போனது. நினைவு தடுமாறியது, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது புரோமைடு நஞ்சுதான். 1903இல் வந்த வெரோனால் முதலான பார்பிட்யூரேட் மருந்துகள் இன்னும் வலுவானவை. அவை பிற்பாடு டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் என்று ஆயின. சீட்டு இல்லாமல் தூக்கம் வாங்க வந்தவர்களுக்குக் கடையில் என்ன கொடுப்பது?

1950களில் அதற்குப் பதிலாக வந்தது சோமினெக்ஸ். அதில் இருந்த ஒரு சரக்கு ஸ்கோபோலமின். நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையிலும் இருக்கும் அதே நஞ்சு, மிகச் சிறிய அளவில். இன்னொன்று மெத்தாபைரிலீன் என்ற அலர்ஜி மருந்து. அலர்ஜிக்குச் சாப்பிட்டவர்கள் பகலில் தூங்கி வழிந்தார்கள்; அந்தத் தூக்கத்தை இரவுக்கு விற்றார்கள். 1960களின் இறுதியில் வலி மாத்திரையோடு மெத்தாபைரிலீனைச் சேர்த்து எக்ஸெட்ரின் பிஎம் வந்தது. எமர்சனின் பழைய ஜோடி புது உடையில் திரும்பிவிட்டது.

1962இல் அமெரிக்கச் சட்டம் மாறியது. மருந்து ஆபத்தில்லாதது என்று காட்டினால் மட்டும் போதாது, சொன்ன வேலையைச் செய்கிறதா என்றும் நிறுவ வேண்டும் என்றானது. கடைச் சரக்குகளின்மேல் அந்தக் கேள்வி பாய மேலும் பத்தாண்டு பிடித்தது. 1972இல் உணவு, மருந்து நிர்வாகம் வல்லுநர் குழுக்களை அமைத்து, சீட்டில்லாமல் விற்பவை எல்லாவற்றையும் பரிசோதிக்க ஆரம்பித்தது. புரோமைடும் ஸ்கோபோலமினும் அந்தச் சல்லடையில் நிற்கவில்லை. மெத்தாபைரிலீனைத் தள்ளியது வேறொரு செய்தி. அதைத் தின்ற ஆய்வக எலிகளுக்குக் கல்லீரலில் புற்று வந்தது. 1979 ஜூன் மாதம் அந்தச் சரக்கு உள்ள மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நம்பி விழுங்கிய பொருள் அது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

காலியான இடத்துக்கு வந்தது டைஃபென்ஹைட்ரமின். 1943இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிவெஷெல், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து தேடும் வழியில் இதை உருவாக்கினார். 1946இல் பார்க்-டேவிஸ் நிறுவனத்தின் அலர்ஜி மருந்தாக, பெனாட்ரில் என்ற பெயரில் டாக்டர் சீட்டின்பேரில் விற்பனையானது. நம் வீடுகளில் இருமல் மருந்துப் பெயராகத் தெரிந்த அதே பெனாட்ரில். இதன் உப்பு ஒன்றை 1947இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காணாக்கடிக்காக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். டிராமில் ஏறினாலே குமட்டும் அந்தப் பெண்ணுக்கு, மருந்து சாப்பிட்ட நாளில் குமட்டவில்லை. பயண வாந்திக்கான டிராமமின் அப்படித்தான் பிறந்தது. தேடியது தசைக்கு, கிடைத்தது மூக்குக்கு, பிறகு வயிற்றுக்கு, கடைசியில் கண்ணுக்கு.

ஏன் தூக்கம் வருகிறது? மூக்கில் நீர் வடிய வைக்கும் ஹிஸ்டமின்தான் மூளையில் விழிப்பையும் காக்கிறது. இந்த மருந்து மூளைக்குள்ளும் நுழைந்து அதை மறிக்கிறது. 1980களில் தூக்க மாத்திரையாகக் கடைக்கு வந்தது; 1989இல் நிர்வாகம் இறுதி விதியை வெளியிட்டு, இரவுக்கு 50 மில்லிகிராம் என்று அளவையும் உறுதி செய்தது.

இப்போது அமெரிக்க மருந்துக்கடை அலமாரியைப் பார்த்தால் கதை விளங்கும். டைலனால் பிஎம் மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால், 25 மில்லிகிராம் டைஃபென்ஹைட்ரமின். அட்வில் பிஎம்மில் 200 இபுபுரூஃபன், அதோடு டைஃபென்ஹைட்ரமின் சிட்ரேட் 38. எண் பெரிதாகத் தெரிந்தாலும் உப்பு வேறு என்பதால் பலன் அதே 25தான். 2014இல் வந்த அலீவ் பிஎம்மில் 220 நாப்ரக்ஸன், மறுபடியும் அதே 25. 2012இல் வந்த ஸீக்வில் பெட்டியில் வலி மருந்தே இல்லை, தூக்கச் சரக்கு மட்டும்; அதுவும் இதேதான். ஆக, பெட்டிக்குப் பெட்டி மாறுவது வலியின் பாதி மட்டும். நாப்ரக்ஸன் விடியும்வரை நிற்கும், இபுபுரூஃபன் நடுச்சாமம் தாண்டித் தளரும். இவை இரண்டும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாதவை. பாராசிட்டமால் வயிற்றுக்குச் சாது, அளவு மீறினால் கல்லீரலுக்குக் கொடிது.

தூக்கப் பாதியின் பலமும் நீடிப்பதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், டைஃபென்ஹைட்ரமினைத் தினமும் இருவேளை சாப்பிட்டவர்களுக்கு நான்காம் நாளே மயக்கம் வெற்று மாத்திரை அளவுக்கு இறங்கிவிட்டது. 2017இல் அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம், தூக்கமின்மைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. வயதானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இது அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருளையும் மறிப்பதால் வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும், புத்தி கலங்கும். 65 வயது கடந்தவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் அமெரிக்கா போகும் பெற்றோரில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். விமானத்தில் மடங்கிய முழங்கால் வலிக்கும், நேரம் மாறியதால் தூக்கமும் வராது. அந்த நேரத்தில் பிஎம் புட்டி எளிதாகக் கைக்கு வரும். ஊரிலிருந்து கொண்டுபோன பாராசிட்டமாலும் பையில் இருக்கும். அசிட்டமினோஃபென் என்று எழுதியிருப்பது அதேதான் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினால், ஒரே மருந்து இருமடங்காகிவிடும். புட்டியின் பின்பக்கத்து அட்டவணையை அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகும். வலி மட்டும்தான் தொந்தரவு என்றால், அதே அலமாரியில் பிஎம் என்ற எழுத்து இல்லாத புட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது.