‘மாஸ்’ – எழுத்து ஒன்று, வேர் இரண்டு

ஆங்கிலத்தில் ‘மாஸ்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திருப்பலி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இயற்பியலில் வரும் நிறை. திரைப்பட இரசிகருக்கோ கதாநாயகனின் தடபுடலான வருகை!

நிறை, திரள், மக்கள் கூட்டம் ஆகிய பொருள்கள் ‘மாஸ்ஸா’ என்ற இலத்தீன் சொல்லின் வழியே வந்தவை. பிசைந்த மாவு, கட்டி என்பது அதன் பொருள். 1 கொரிந்தியர் 5:6-இல் புளிப்பு மாவைப் பற்றித் தூய பவுல் பேசுமிடத்தில் இலத்தீன் விவிலியம் இச்சொல்லையே ஆள்கிறது. சினிமா ‘மாஸ்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

திருப்பலியின் பெயர் வேறு. ‘மிஸ்ஸா’ என்றால் அனுப்பிவைத்தல். இலத்தீன் வழிபாட்டின் முடிவில் ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்று சொல்லி இறைமக்களை அனுப்புவார்கள். அந்தக் கடைசி வார்த்தையே முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது. ‘கிறிஸ்மஸ்’ என்பதிலும் ஒட்டியிருப்பது இதுவே. நற்கருணை வாங்கியதும் வண்டியை எடுக்க விரையும் அன்பர்கள், திருப்பலிக்குப் பெயர் தந்த வார்த்தையைக் கேட்காமலே போய்விடுகிறார்கள். 2008-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் இந்த அனுப்புதலுக்கு வேறு சில வாய்பாடுகளையும் சேர்த்தார். அவற்றுள் ஒன்று, சென்று ஆண்டவரின் நற்செய்தியை அறிவிக்கச் சொல்கிறது.